பந்திக்கு முந்தினவனுக்குத்தான் ஊசியா?

மறுபடியும் ஒரு கொள்ளைநோய் வராது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார். வந்தால் அதற்குத் தடுப்பூசியும் வரும். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் வராது. இன்று கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம் என்றுதான் வரும்.

அந்தக் கொஞ்சம் யாருக்கு? இதுதான் கேள்வி.

பதில், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஜனங்கள் 2021-ல் பட்ட பாட்டிலேயே இருக்கிறது.

கொரோனா ஊசி அந்த ஆண்டு ஜனவரி 16-ந் தேதி தொடங்கியது. முதலில் டாக்டர், நர்சுகள். பிறகு போலீசார், துப்புரவுத் தொழிலாளர்கள். மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்கள். ஏப்ரல் 1 முதல் 45 வயதான எல்லோரும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கு முதல் ஊசி. நியாயமான கணக்கு!

கோளாறு மே 1-ந் தேதி பிறந்தது. 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கும் ஊசி என்றார்கள். ஆனால் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ பதிவு செய்தால்தான் உண்டு என்றார்கள். அதோடு ஒரே கோவிஷீல்டு மருந்துக்கு மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 300 ரூபாய், தனியார் ஆஸ்பத்திரிக்கு 600 ரூபாய் என்று மூன்று விலை!

செல்போன் வசதி இல்லாதவர் கதி என்ன என்று உச்ச நீதிமன்றமே மே 31-ல் கேட்டது. பிறகு ஜூன் 21 முதல் எல்லோருக்கும் இலவசம், நேரில் போனாலே பதிவு என்று வழி பிறந்தது. காசுள்ளவர்கள் தனியாரில் 780 ரூபாய் கொடுத்தும் போட்டுக் கொண்டார்கள். 4 பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு டோஸ் போட 6,240 ரூபாய். கடைச் சிப்பந்தி எங்கே போவார்?

அவருக்கு மிச்சம் இருந்தது கியூதான். விடிவதற்கு முன்னால் போய் டோக்கன் வாங்க வேண்டும். சில நாள் போனால் 'ஸ்டாக் இல்லை' என்ற போர்டு தொங்கும்.

கியூ பொதுதானே, முதலில் வந்தவனுக்கு முதலில் கொடுத்தால் என்ன தப்பு என்று கேட்கலாம். கியூவில் நிற்கவும் நேரம் வேண்டுமே, ஐயா! பென்ஷன்காரர் நிற்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர் நின்றால் அரை நாள் கூலி போச்சு. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா நின்றால் வேலையே போச்சு. வீட்டில் அடைந்து கிடக்க முடியாதவருக்குத்தான் நோய் முதலில் ஒட்டும். அவரே வரிசையில் கடைசி!

அந்த லேத் தொழிலாளி ஆவடியில் குடியிருக்கிறார், பூந்தமல்லியில் சரக்கு இறக்குகிறார் என்று வையுங்கள். அன்று அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில். ஆவடி தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. மூன்று ஆபீஸ், ஒரே கிருமி. இவர் எந்தக் கணக்கில் வருவார்? போய்க் கேட்க வார்டு கவுன்சிலர்கூட இல்லை. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்ததே 2022 பிப்ரவரி 19-ல்தான்.

ரேஷன் கடை சொன்ன பாடம்

அதே 2021 மே மாதம் இன்னொன்றும் நடந்தது. கொரோனா நிவாரணமாக முதல் தவணை 2,000 ரூபாயை அரிசி கார்டுதாரர்களுக்குக் கொடுத்தார்கள். 2 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள்! ரேஷன் கடை ஊழியர்களே வீடு தேடி வந்து டோக்கன் கொடுத்தார்கள். எந்தத் தேதி, எந்த நேரம் என்று அதிலேயே இருந்தது.

பணத்துக்கு வீடு தேடி டோக்கன், உயிர் காக்கும் ஊசிக்கு விடியற்காலைக் கியூவா?

ஊசி ஸ்டாக் எப்போது வரும் என்று தெரியாதே என்பார்கள். சரி, தேதி போட வேண்டாம். வரிசை எண் போடலாமே! இன்று 200 டோஸ் வந்தால் 200 வரை. நாளை வந்தால் 201-லிருந்து.

இன்னொரு சாட்சி, செப்டம்பர் 12. அன்று ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு முழுவதும் 40 ஆயிரம் இடங்களில் முகாம். 20 லட்சம் பேருக்குப் போட நினைத்தார்கள். 28 லட்சத்துக்கு மேல் போட்டார்கள்! ஸ்டாக் கூடியதும் ஒரு காரணம்தான். ஆனால் லீவு நாளில், தெருவுக்குப் பக்கத்தில் ஊசி வந்தது என்பதை மறக்கக் கூடாது. ஜனங்கள் ஊசிக்குப் பயந்து ஒளிகிறார்கள் என்று பேசியவர்களுக்கு அந்த ஞாயிறு நல்ல பதில்.

என்ன செய்யலாம்?

ஆட்டோக்காரர், பால்காரர், பேப்பர் போடுகிறவர், தெரு வியாபாரி, ஆலைத் தொழிலாளி ஆகியோருக்கு முன்னுரிமை என்று அந்த மே மாதம் மாநில அரசே சொன்னது. நல்ல பட்டியல். ஆனால் எந்தத் தெருவில் எத்தனை பேர் என்று கையில் கணக்கு இருந்தால்தானே டோக்கன் கொடுக்க முடியும்? பெரிய கம்பெனி தன் கேட்டுக்குள்ளேயே முகாம் நடத்திக் கொள்ளும். 5 பேர் வேலை செய்யும் பட்டறை இ.எஸ்.ஐ. கணக்கிலேயே வராது.

அந்தக் கணக்கை நோய் இல்லாத காலத்தில் எடுக்க வேண்டும். வார்டு வார்டாக, ரேஷன் கார்டை வைத்து எடுக்கலாம். குடியிருக்கும் இடத்தோடு வேலை செய்யும் இடத்தையும் குறிக்க வேண்டும். முதியவர், நோயாளி முதலில், வெளியே போய்த்தான் பிழைக்க வேண்டியவர் அடுத்து, மற்றவர் பிறகு. ஷிப்டு முடிகிற நேரத்தில் மாலை முகாம் வேண்டும்.

கோவிஷீல்டு குப்பியைத் திறந்தால் 4 மணி நேரத்துக்குள் 10 பேருக்கும் போட்டு முடிக்க வேண்டும். அந்த மாதிரி மருந்து மிஞ்சினால் உடனே கூப்பிட, பக்கத்துத் தெருவிலேயே 10 பேரின் பெயர் தயாராக இருக்க வேண்டும்.

பட்டியல் போட்டால் சிபாரிசு நுழையுமே என்பது உண்மையான பயம். அதற்கு மருந்து ஒன்றுதான். யார் எத்தனையாவது எண் என்று ரேஷன் கடை போர்டில் வரிசையை எழுதி ஒட்டுங்கள். நாலு பேர் படிக்கிற இடத்தில் 40-ம் நம்பர் 4-ம் நம்பராக மாறுவது கஷ்டம்!

கொரோனா காலத்தில் பணக்கார நாடுகள் தேவைக்கு மேல் வாங்கிக் குவித்தன. ஏழை நாடுகள் வாய் பார்த்து நின்றன. இனி அப்படி நடக்காமல் இருக்க 2025 மே 20-ந் தேதி ஜெனீவாவில் உலக சுகாதார சபை ஓர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. நாடுகளின் பந்திக்கே ஒழுங்கு தேவை என்றால் நம் வார்டுக்கு வேண்டாமா?

வெள்ளம் வந்த பிறகு வாய்க்கால் வெட்டுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த ஒரு விஷயத்திலாவது மூன்று ஊர் அதிகாரிகளும் இப்போதே ஒரே மேஜையில் உட்காரட்டும். கையில் பேனாவும் ரேஷன் கார்டு லிஸ்ட்டும் இருந்தால் போதும். உட்காருவார்களா?