நெஞ்சில் கை வைக்கத் தயங்குவது ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ரயில் நிலைய நடைமேடையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் என் கண்ணெதிரே சரிந்து விழுந்தார். உடனே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். இன்னொருவர் வலிப்பு என்று எண்ணிச் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். சோடா வாங்க ஒருவர் ஓடினார். 108-ஐ அழைத்தவர்கள் மட்டும் மூவர். விழுந்தவர் அவ்வப்போது வாயைத் திறந்து மூச்சை இழுத்ததால், உயிர் இருக்கிறது, காற்று விடுங்கள் என்றார்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தேன். ஆம்புலன்ஸ் வந்தபோது செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

அந்த வாய் திறப்பு சுவாசமே அன்று என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். இதயம் நின்ற பின்னும் சில நிமிடங்கள் தோன்றும் திணறல் அது. அதைச் சுவாசம் என்று நம்பியே பலர் கைகட்டி நிற்கிறார்கள்.

மாரடைப்பு வேறு, இதயத்துடிப்பு நின்றுபோவது வேறு. முன்னதில் இதயத்தின் ரத்தக்குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். பின்னதில் மூளைக்கு ரத்தம் போவது அந்தக் கணமே நின்றுவிடுகிறது. எந்த உதவியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது என்பது மருத்துவ உலகின் பொதுவான கணக்கு. நமது நகரங்களின் போக்குவரத்து நெரிசலில் பத்து நிமிடம் என்பது சாதாரணம். எனவே, இங்கே முதல் மருத்துவர் அருகில் நிற்பவர்தான்.

அவர் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால், 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவே ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்து, முழங்கையை மடக்காமல் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். அப்போது இன்னொருவர் தொடர வேண்டும்.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாமா என்று கேட்கலாம். திடீரென விழுந்த பெரியவரின் ரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்குப் போதுமான ஆக்சிஜன் இருக்கிறது. அதைச் சுற்றவிடுவதே உடனடித் தேவை. நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு மூச்சும் கொடுக்க வேண்டும்.

வெறும் கைகளால் நெஞ்சை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கலாம் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் வெளியிட்டது 1960-இல். பயிற்சி இல்லாதவர்கள் அழுத்தம் மட்டும் கொடுத்தால் போதும் என்று அமெரிக்க இதயச் சங்கம் அறிவித்தது 2008-இல். அந்நாட்டின் அரிசோனா மாநிலம் இதையே மக்களிடம் கொண்டு சென்றபோது, மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பிழைத்தவர்களின் விகிதம் 2005-இல் 3.7 சதவீதமாக இருந்து 2009-இல் 9.8 சதவீதமானது. நமது மயக்க மருந்து நிபுணர்களும் பொதுமக்களுக்கென இதே போன்ற எளிய வழிமுறையை 2017-இல் வகுத்துத் தந்துவிட்டார்கள். அறிவுக்குப் பஞ்சமில்லை, தெருவுக்குத்தான் அது வந்து சேரவில்லை.

ஏன்? அறியாமை ஒரு பாதி. அச்சம் மறு பாதி. விலா எலும்பு முறிந்துவிடுமோ, இறந்துவிட்டால் பழி நம்மீது விழுமோ, காவல் நிலையத்துக்கு அலைய வேண்டுமோ என்ற அச்சம். விலா முறிவது உண்டு, அது ஆறும். காவல் நிலைய அச்சத்துக்குச் சட்டம் தந்திருக்கும் விடை அரைகுறையானது. 2016-இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலு கொடுத்த வழிகாட்டுதல்களும், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவும் சாலை விபத்தில் உதவுபவரைப் பாதுகாக்கின்றன. பெயர் சொல்லவும் சாட்சியாகவும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால், அந்தப் பிரிவின் வரையறை மோட்டார் வாகன விபத்தோடு நின்றுவிடுகிறது. நடைமேடையிலோ திருமண மண்டபத்திலோ இதயம் நின்று விழுந்தவருக்கு உதவுபவர், நல்லெண்ணச் செயல்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவு தரும் பொதுவான பாதுகாப்பையே நம்ப வேண்டியிருக்கிறது. அது வழக்கில் கைகொடுக்கலாம். வழக்குக்கு முந்தைய அலைச்சலிலிருந்து காப்பாற்றாது. ஒரே செயலுக்கு இடத்தைப் பொறுத்து இருவேறு பாதுகாப்பு என்பதில் என்ன நியாயம்? 134ஏ பிரிவை எல்லா மருத்துவ அவசரங்களுக்கும் விரித்துத் தனிச் சட்டமாக்குவது அப்படியொன்றும் கடினமான பணி அல்ல.

நாம் வெளிப்படையாகப் பேசாத இன்னொரு தயக்கமும் உண்டு. விழுந்தவர் பெண்ணாக இருந்தால் நெஞ்சில் கை வைக்க யாரும் முன்வருவதில்லை. அமெரிக்காவிலேயே பொது இடங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த உதவி குறைவாகக் கிடைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நமது பேருந்து நிலையங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. பயிற்சிக்கான பொம்மைகளில் பெண்ணுருவும் இருக்க வேண்டும் என்று சிலர் கேட்பது இதனால்தான். சிரிப்பதற்குரிய கோரிக்கை அன்று அது.

2021-இல் கோபன்ஹேகன் கால்பந்து மைதானத்தில் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்ததை உலகமே பார்த்தது. அவர் பிழைத்து, மறு ஆண்டு மீண்டும் விளையாடினார். அவரைக் காத்தவர்கள் மருத்துவக் குழுவினர். ஆனால், அதே டென்மார்க்கில் சாதாரணக் குடிமக்களும் அதற்கு முன்பே தயாராகிக்கொண்டிருந்தார்கள். பள்ளிகளில் 2005 முதலும், ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கு 2006 முதலும் இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. அருகில் இருந்தவர்களே முதலுதவி தொடங்கிய நிகழ்வுகள் 2001-இல் சுமார் 21 சதவீதமாக இருந்து, 2010-இல் 45 சதவீதத்தை எட்டின.

நம்மிடமும் 2023 டிசம்பரில் நாடு தழுவிய விழிப்புணர்வு நிகழ்ச்சி நடந்தது. உறுதிமொழி எடுத்தோம், புகைப்படமும் எடுத்தோம். பொம்மையின் மீது ஒருமுறையாவது கைவைத்து அழுத்திப் பார்க்காதவர், நெருக்கடியில் மனிதர் மீது அழுத்தத் துணிவாரா என்பது ஐயமே. இருபது நிமிடப் பயிற்சிக்குப் பிறகு நானே வியர்த்துப்போனேன், 5 செ.மீ. என்பது காகிதத்தில் தோன்றுவதைவிட அதிக ஆழம்.

தமிழ்நாட்டில் பேருந்து நடத்துநர் உரிமத்துக்கு முதலுதவிச் சான்றிதழ் கேட்கும் நடைமுறை ஏற்கெனவே உண்டு. அதை ஓட்டுநர் உரிமம் கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் விரிக்கலாம். பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பின் உடற்கல்விப் பாடவேளைகளில் இரண்டை இதற்கென ஒதுக்கலாம். செலவு, பள்ளிக்குச் சில பொம்மைகள்.