பொன்னிக்கு எத்தனை மூட்டை?

முசிறியில் காவிரியை ஒட்டிய வயல்களில், நடவு முடிந்து இருபது நாளில் ஒரு பேச்சு கிளம்பும். "என்னண்ணே, பயிர் வெளுத்து நிக்குது? ஒரு மூட்டை யூரியா வீசி விடுங்க." பக்கத்து வயலின் பச்சைதான் இங்கே அளவுகோல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மத்திய, நீண்டகால நெல் ரகங்களுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. வெள்ளைப் பொன்னிக்கு அதில் பாதி, 75 கிலோ. அதாவது ஏக்கருக்கு 30 கிலோ. அடியுரமாக டி.ஏ.பி. ஒரு மூட்டை போட்டால் அதிலேயே 9 கிலோ வந்துவிடும். மீதி 21 கிலோவுக்கு 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று போதும். ஒன்றே ஒன்று! அதையும் பிரித்துத்தான் போட வேண்டும். இலை வண்ண அட்டையில் இலையை வைத்து, வெயில் படாமல் நம் உடம்பு நிழலில் பார்த்து, நிறம் 3-க்குக் கீழே இறங்கினால்தான் மேலுரம். மற்ற ரகங்களுக்கு 4.

கூடுதலாகப் போட்டால் பயிர் தளதளவென்று நிற்கும். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும். கதிர் கனத்ததும் உயரமான பொன்னி ஒரு மழைக்கே படுத்துவிடும். படுத்த பயிரில் அறுவடை இயந்திரம் ஊர்ந்துதான் போகும், வாடகையோ மணிக்கணக்கில்.

இதை விவசாயியின் அறியாமை என்று சொல்லி முடிப்பது சோம்பேறித்தனம். 2010-இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே வைத்தார்கள். விளைவு, யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, டி.ஏ.பி. 1,350, பொட்டாஷும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கையில் காசு குறையும்போது எதை விடுவார்? 2015-இல் வந்த மண்வள அட்டை பொட்டாஷ் போடச் சொன்னாலும், உரக்கடை விலைப்பலகை யூரியாவைத்தான் எடுத்துக் கொடுக்கிறது.

ரசாயன உரத்தையே நிறுத்திவிடலாம் என்பாரும் உண்டு. 2021-இல் இலங்கை அதை ஒரே உத்தரவில் செய்துபார்த்து, சில மாதங்களில் பின்வாங்கியது. அடுத்த போகத்து நெல் விளைச்சல் சரிந்தே போனது.

எருவுக்கு மாடு குறைந்துவிட்ட ஊரில் மிஞ்சியிருப்பது பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டு. சம்பா நடவுக்கு முன்பே விதைத்து, 45 நாளில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். அப்படியென்றால் விதை ஆடிக்குள் வேளாண் டெப்போவில் இருந்தாக வேண்டும். நாற்றங்கால் விட்ட பிறகு வந்து இறங்கும் விதையை வாங்கி எந்த வயலில் விதைப்பது?