லடாக் குளிரில் திணறும் லாரிகள்: பாதை திறந்துவிட்டது, டேங்கில் இருப்பது எந்த டீசல்?

புதுதில்லி: காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் சோஜிலா கணவாய் ஒரு காலத்தில் குளிர்காலம் முழுவதும் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். அண்மை ஆண்டுகளில் அந்த நிலை வேகமாக மாறியுள்ளது. எல்லைச் சாலைகள் அமைப்பின் பனி அகற்றும் பணியால் 2023-இல் 68 நாள்களும், 2024-இல் 35 நாள்களும், 2025-இல் 32 நாள்களும் மட்டுமே கணவாய் மூடப்பட்டிருந்தது. லடாக் மக்களுக்கும் எல்லையில் நிற்கும் ராணுவத்துக்கும் இது பெரும் நிம்மதி. ஆனால், இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. முன்பு சமவெளியில் ஓய்வாக நின்றிருந்த காலத்தில் லாரிகள் இப்போது 11,500 அடிக்கு மேல் ஏறுகின்றன. சாலையில் கிடக்கும் பனியை இயந்திரம் அகற்றிவிடும். டேங்கில் உறையும் மெழுகை அகற்ற அத்தகைய இயந்திரம் எதுவும் இல்லை.

டீசலில் இயல்பாகவே பாரஃபின் எனும் மெழுகு கலந்திருக்கிறது. வெப்பம் குறையக் குறைய அது நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து டீசலைக் கலங்கலாக்கும். குளிர் மேலும் கூடினால் அந்தப் படிகங்கள் வடிகட்டியை அடைத்துவிடும். இறுதியில் டீசல் கூழ்போல் இறுகி, ஓட்டமே நின்றுவிடும். லாரி மூன்றாவது கட்டம் வரை காத்திருப்பதில்லை. இரண்டாவது கட்டத்திலேயே நின்றுவிடுகிறது. டேங்கைத் திறந்து பார்த்தால் டீசல் திரவமாகவே தெரியும், இன்ஜினுக்கோ ஒரு சொட்டும் போய்ச் சேராது.

இந்தப் பின்னணியில்தான் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் குளிர்கால டீசல் 2019 நவம்பரில் அறிமுகமானது. லடாக் தனி யூனியன் பிரதேசமான சில வாரங்களில், மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா காணொலி வாயிலாக அதன் விற்பனையைத் தொடங்கி வைத்தார். பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரான இந்த டீசல் மைனஸ் 33 டிகிரி செல்சியஸ் வரை ஓட்டத்தை இழக்காது என அறிவிக்கப்பட்டது. லடாக், கார்கில், காசா, கேலாங் போன்ற உயர்மலைப் பகுதிகளே இதன் இலக்கு.

இது பயனுள்ள முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும், மைனஸ் 33 என்பது டீசல் ஊற்றினால் ஓடும் எல்லையைக் குறிக்கும் எண். வடிகட்டி அடைபடும் வெப்பநிலை பொதுவாக அதைவிடச் சற்று மேலேயே அமையும். லாரி ஓட்டுநருக்கு உண்மையில் தேவைப்படுவது இரண்டாவது எண்தான்.

நாட்காட்டியும் மலையும்

இதைவிடப் பெரிய சிக்கல் மலைக்குக் கீழே இருக்கிறது. லடாக்குக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி, டேங்கை நிரப்பிக்கொள்வது பெரும்பாலும் சமவெளியில். அங்கு விற்கப்படும் சாதாரண டீசலுக்கான இந்தியத் தரநிலை, வடிகட்டி அடைபடும் வெப்பநிலைக்குக் குளிர்காலத்தில் 6 டிகிரி, கோடையில் 18 டிகிரி என உச்ச வரம்பு வைத்துள்ளது. இரண்டும் பூஜ்யத்துக்கு மேலே உள்ளவை. பம்பில் கிடைக்கும் டீசல் இந்த வரம்பைவிடச் சிறப்பாக இருக்கக்கூடும். ஆனால் உத்தரவாதம் அவ்வளவுதான்.

இந்தத் தரநிலைப்படி குளிர்காலம் என்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மார்ச் பிறந்தால் கோடைக் கணக்கு தொடங்கிவிடும். சோஜிலா மீண்டும் திறக்கப்படுவதோ மார்ச் மாதத்திலும் ஏப்ரல் தொடக்கத்திலும். அதாவது, சமவெளியின் நாட்காட்டியில் கோடை பிறந்த பிறகு, கணவாயின் மறுபுறத்தில் திராஸ் இன்னும் பனியில் உறைந்திருக்கும்போதுதான் லாரிகள் வரிசைகட்டி ஏறுகின்றன. கணவாயில் போக்குவரத்து ஒருவழியாக மாற்றி மாற்றி அனுமதிக்கப்படுவதால், பனிப்பொழிவோ சரிவோ நேர்ந்தால் இரவு முழுவதும் வழியில் காத்திருக்க நேரிடும். நின்ற லாரியில் டேங்க் வேகமாகக் குளிர்கிறது.

இந்நிலையில் ஓட்டுநர்கள் கையாளும் வழிகள் நெடுங்காலமாக அறியப்பட்டவை. டேங்குக்கு அடியில் தீ மூட்டுவது ஒன்று. அதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் கலப்பது மற்றொன்று. பழைய இன்ஜின்கள் அதை ஓரளவு பொறுத்துக்கொண்டன. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 லாரிகள் 10 லட்சத்தில் 10 பங்கு கந்தகம் மட்டுமே உள்ள டீசலுக்காக வடிவமைக்கப்பட்டவை. மண்ணெண்ணெயில் கந்தகம் பல மடங்கு அதிகம். எரிபொருள் பம்புக்குத் தேவையான வழுவழுப்பும் அதில் குறைவு. ஓர் இரவைச் சமாளிக்கச் செய்யும் கலப்பு, பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள புகை சுத்திகரிப்பு அமைப்பைப் பழுதாக்கக்கூடும்.

மூன்றாவது வழி, இன்ஜினை இரவெல்லாம் அணைக்காமல் விடுவது. கனரக லாரி இவ்வாறு நிற்கும்போது மணிக்குச் சுமார் 2 முதல் 3 லிட்டர் டீசல் எரிகிறது. புகைபோக்கியின் வெப்பம் குறைவதால் கரி வடிகட்டியும் விரைவில் அடைபடும். ஓட்டுநரைக் குறை கூறுவதற்கு முன், மைனஸ் 20 டிகிரியில் கேபினுக்குள் படுத்திருப்பவர் அவர்தான் என்பதையும் எண்ண வேண்டும்.

டீசலுக்கு அப்பால்

சரியான எரிபொருள் இருந்தாலும் லாரி கிளம்பிவிடும் என்பதற்கு உறுதியில்லை. டீசல் இன்ஜின், அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தால்தான் எரிபொருளைப் பற்றவைக்கிறது. லே நகரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. காற்றும் மெல்லியது, உலோகமும் குளிர்ந்தது, இன்ஜின் ஆயிலும் கெட்டியானது. இவற்றை எல்லாம் மீறிச் சுழற்ற வேண்டிய பேட்டரியோ மைனஸ் 18 டிகிரி அளவில் தன் திறனில் ஏறத்தாழ பாதியை இழந்து நிற்கிறது.

ஆகவே, மலையேறும் முன்பே சில மாற்றங்கள் தேவை. சமவெளியில் வழக்கமான 15டபிள்யூ-40 ஆயிலுக்குப் பதில், தயாரிப்பாளர் அனுமதிக்கும் 5டபிள்யூ வகை ஆயில் நன்மை தரும். கூலன்டில் பாதிக்குப் பாதி கிளைக்கால் இருந்தால் அது மைனஸ் 35 டிகிரி அளவுக்குத் தாங்கும். வெறும் தண்ணீர் ஊற்றிய இன்ஜின் ஒரே இரவில் வெடிப்பு காணும். டீசல் வடிகட்டியில் தேங்கும் நீரையும் ஏர் பிரேக் தொட்டிகளில் சேரும் ஈரத்தையும் நாள்தோறும் வடித்துவிட வேண்டும். குழாயில் உறையும் ஒரு துளி நீர் இறக்கத்தில் பிரேக்கைச் செயலிழக்கச் செய்யலாம். பிஎஸ்-6 லாரிகளின் யூரியா திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறைகிறது; உறையும்போது விரிவதால் அதன் டேங்கை விளிம்புவரை நிரப்பக்கூடாது. மெழுகைத் தடுக்கும் சேர்மங்களை டீசல் தெளிவாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். படிகம் உருவான பின் அவை பயன்தராது.

இந்தச் செலவுகள் எல்லாம் லாரி உரிமையாளரின் தலையில் விழுகின்றன. ஆண்டில் ஓரிரு முறை மட்டுமே லடாக் செல்லும் ஒற்றை லாரி உரிமையாளர், அதற்காக ஆயிலையும் பேட்டரியையும் மாற்றுவார் என எதிர்பார்ப்பது கடினம். ராணுவத்துக்கும் பெரிய ஒப்பந்ததாரர்களுக்கும் உள்ள பராமரிப்பு வசதி இவர்களுக்கு இல்லை.

சுமார் 13 கிலோமீட்டர் நீள சோஜிலா சுரங்கப்பாதையின் பணிகள் நடந்து வருகின்றன. அதற்கு முன்னோட்டமான 6.5 கிலோமீட்டர் சோனாமார்க் சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. சோஜிலா சுரங்கமும் தயாரானால் ஜனவரி நடுக்குளிரிலும் லாரிகள் திராஸைக் கடக்கும். சுரங்கத்துக்குள் பனி இருக்காது. வெளியே வந்ததும் லாரி சந்திக்கப்போவது மைனஸ் 20 டிகிரி. குளிர்கால டீசல் கார்கிலில் கிடைப்பது மட்டும் போதாது. ஏற்றம் தொடங்கும் சோனாமார்க் பக்கத்திலும், அடல் சுரங்கத்துக்கு முன்னுள்ள மணாலியிலும், மார்ச், ஏப்ரல் மாதங்களில்கூட அது தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். பம்பிலேயே அதன் வடிகட்டி எல்லை எழுதி வைக்கப்பட வேண்டும். டேங்க் பாதி காலியாக அந்தப் பம்புகளை வந்தடையுமாறு பயணத்தைத் திட்டமிடுவது ஓட்டுநரின் பொறுப்பு.