மலையக மடல்: வீதிக்கு விலை கொடுத்தவர்கள்



இம்மாதம் பாதையைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் எழுதுகிறேன். கொடகவெலயில் எங்கள் மகளிர் சங்கம் ஒரு யோசனையில் இறங்கியிருக்கிறது. கண்டிக்கு இரண்டு நாள் போய்வர வேண்டும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருக்கும் எங்கள் உறவுப் பெண்களையும் அங்கே வரச்சொல்லிச் சந்திக்க வேண்டும். பழைய நகரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டத்தில் இதைச் சொன்னவுடன் மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: "ஏன், யாருக்குச் சுகமில்ல?" இன்னொருவர் கேட்டார்: "நேத்திக்கடன் ஏதும் இருக்கா?" பெண்கள் வெளியூர் போவதென்றால் ஆஸ்பத்திரிக்கு, இல்லாவிட்டால் கோவிலுக்கு. இந்த இரண்டும் இல்லாமல் போவதற்கு எங்களிடம் ஒரு பெயர்கூட இல்லை.

உங்கள் நிலைமை இன்னும் கடினமானது. முகாமுக்கு, வைத்தியசாலைக்கு, விசாரணை அலுவலகத்துக்கு, பூசாவுக்கு, வெலிக்கடைக்கு என்று பயணம் செய்த தாய்மார் உங்களில் பலர். ஊர் ஊராக அலைந்திருக்கிறீர்கள். அந்த ஊர்களில் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கூட்டத்தில் இளம் தங்கச்சி ஒருத்தி, "வேன் பிடிச்சு ஹைவேயில போவோமே அக்கா, சீக்கிரம் போயிரலாம்" என்றாள். எங்கள் பக்கத்திலிருந்து கண்டிக்குப் போக அப்படியொரு பாதை இல்லை. கொட்டாவையிலிருந்து காலிக்கு 2011 நவம்பரில் நாட்டின் முதலாவது அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 2022 ஜனவரியில் மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடையே இன்னொன்று திறக்கப்பட்டது. எங்கள் பெல்மதுளை வரை ஒன்று போடுவதாகத் திட்டம் எழுதினார்கள். அது இன்னும் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை.

அவளுக்கு இன்னொன்றும் சொன்னோம். அந்தப் பாதையில் ஏறினால் இறங்கும் வாயிலில் காசு கட்ட வேண்டும். "கவர்மெண்டு போட்ட ரோட்டுக்கு மறுபடியும் நாம காசு கட்டணுமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நாங்கள் பார்க்கப்போகும் கண்டியிலேயே போய் நிற்கிறோம்.

கண்டியில் கேட்ட குரல்

கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதியை ஆங்கிலேயர் 1820களில் போட்டார்கள். எட்வர்ட் பார்ன்ஸ் அப்போது ஆளுநர். இராஜகாரியம் என்ற பழைய வழக்கத்தைப் பயன்படுத்தி, ஊர் மக்களைக் கூலியில்லாமல் கல்லுடைக்க வைத்தார்கள். கடுகண்ணாவையில் பஸ்ஸில் போகும்போது உயரமான வெள்ளைக் கோபுரம் ஒன்று தெரியும். வீதியை அமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவாக 1832இல் கட்டியது. மலையை வெட்டிய ஆட்களுக்கு அங்கே ஒரு கல்லும் நாட்டப்படவில்லை.

அதே 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. ஆனால் 1848இல் டொரிங்டன் பிரபு ஆளுநராக இருந்தபோது அது வேறு உருவத்தில் வந்தது. 18 வயதிலிருந்து 55 வயது வரையான ஒவ்வோர் ஆணும் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வள்ளத்துக்கு வரி என்று மற்றவையும் சேர்ந்து வந்தன. அந்த வீதிகளில் அதிகம் ஓடியவை கோப்பித் தோட்டத் துரைமாரின் வண்டிகள். ஊரிலுள்ள ஏழை விவசாயி கால்நடையாகத்தான் போனான். அவன் ஆறு நாள் வீதிக்குப் போனால் அந்த ஆறு நாளும் வயலையும் வீட்டையும் யார் பார்த்திருப்பார்கள்? சட்டத்தில் பெண்ணின் பெயர் இல்லை. பாரம் அவள் தலையிலும் இறங்கியது.

1848 ஜூலையில் ஆயிரக்கணக்கானோர் கண்டிக் கச்சேரிக்குத் திரண்டு வந்து வரிகளை நீக்கும்படி கேட்டார்கள். கேட்டது கிடைக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. இராணுவச் சட்டம் வந்தது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொங்காலேகொட பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். இலண்டனில் பாராளுமன்ற விசாரணை நடந்தது. 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார்.

அந்த ஆண்களுக்காகக் காத்திருந்த பெண்களின் பெயர்கள் புத்தகங்களில் இல்லை. ஆனாலும் அவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வேறு ஊர்களில்

பாதைக் கட்டணத்தை எதிர்த்தவர்கள் இங்கு மட்டும் இருக்கவில்லை. பிரித்தானியாவில் வேல்ஸ் என்ற பகுதியில் 1839இலிருந்து 1843 வரை விவசாயிகள் இரவோடிரவாகக் கட்டண வாயில்களை உடைத்தார்கள். சந்தைக்குப் போகவும், வயலுக்குச் சுண்ணாம்பு ஏற்றிவரவும் வாயிலுக்கு வாயில் காசு கட்டிக் கையில் ஒன்றும் மிஞ்சாத மக்கள் அவர்கள். ஆண்கள் பெண்களின் உடையை உடுத்துக்கொண்டு வந்தார்கள். தலைவனுக்கு "ரெபெக்கா" என்று பெயர், கூட வந்தவர்கள் ரெபெக்காவின் மகள்மார். பைபிளில் வரும் பெயர் அது. 1844இல் சட்டத்தைத் திருத்தி, சுண்ணாம்பு வண்டிக்கான கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். துணிச்சலான வேலைக்கு ஆண்களும் பெண்ணின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று எங்கள் கூட்டத்தில் சொன்னபோது நல்ல சிரிப்பு.

தமிழ்நாட்டில் மதுரைக்கு அருகே கப்பலூர் சுங்கச்சாவடியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பக்கத்திலுள்ள திருமங்கலம் மக்கள் பல வருடங்களாகப் போராடி வந்தார்கள். 2024 ஜூலையில் மறியலும் கடையடைப்பும் நடந்தன. நகராட்சி எல்லைக்கு இத்தனை கிலோமீற்றருக்குள் சாவடி இருக்கக் கூடாது என்று இந்திய அரசின் 2008ஆம் ஆண்டு விதியிலேயே இருக்கிறது. அதைக் காட்டித்தான் அவர்கள் கேட்டார்கள். தங்கள் ஊர் வாசலைத் தாண்டவே காசு கட்ட வேண்டுமா என்பதுதான் அவர்களின் வழக்கு.

பாதைக்குப் பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாலமும் தாரும் சும்மா வராது. ஆனால் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். யார் கட்டுகிறார்கள்? யாருக்குப் பயன்? கட்டிய காசு எங்கே போகிறது? எங்கள் அதிவேக நெடுஞ்சாலையில் முச்சக்கரவண்டியும் மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் ஏற முடியாது. தோட்டத்தில் எங்களுக்கு இருக்கும் வாகனமே அவைதான்.

சாவடி இல்லாத கட்டணம்

பாதைக்கு விலை கொடுப்பது உங்களுக்குப் புதிதல்ல. ஏ-9 வீதி 2002 ஏப்ரலில் திறந்தபோது இரு தரப்புச் சாவடிகளிலும் இறங்கி ஏறினீர்கள். பொருட்களுக்கு வரியும் கட்டினீர்கள். 2006 ஆகஸ்டில் அதுவும் மூடப்பட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர அனுமதிப் பத்திரத்துக்கும் கப்பலுக்கும் நாட்கணக்கில் காத்திருந்தீர்கள். அந்தக் காத்திருப்புக்கு யாரும் பற்றுச்சீட்டுத் தரவில்லை.

எங்களுக்கு வேறு விதமான கட்டணம். எங்கள் தோட்டத்துப் பாதையில் சாவடி கிடையாது. ஆனால் முச்சக்கரவண்டித் தம்பி குழிகளுக்கும் சேர்த்துத்தான் காசு கேட்கிறார். பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கொண்டுபோகும்போது அந்தப் பாதையின் விலை இன்னும் கூடுகிறது.

இதற்குச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. எங்கள் பாதைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்று பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயாலும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் காரணம் கேட்க முடியாது. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். ஒருவர் பெயரில் கேட்கப் பயமாக இருந்தால் ஐந்து பேர் சேர்ந்து போங்கள்.

ஏன் கண்டி?

உங்கள் ஏ-9 வீதியின் மறுமுனை கண்டிதான். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை, மாத்தளை என்று வந்து அங்கேதான் முடிகிறது.

எங்கள் முன்னோர் வந்ததும் இந்தத் திசையில்தான். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, உங்கள் வன்னிக் காட்டின் ஊடாக 100 மைலுக்கும் மேல் நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். பின்னர் மலைநாட்டு வீதிகளிலும் 1867இல் கண்டிக்கு வந்த ரயில் பாதையிலும் வேலை செய்த கைகளில் தமிழர் கைகள் நிறைய.

1977 கலவரத்தின் பின் அந்தப் பாதையில் திரும்பி நடந்தவர்களும் உண்டு. சப்ரகமுவத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் என் சின்னம்மாவின் குடும்பமும் ஒன்று. காடு வெட்டிக் குடியேறினார்கள். யுத்தம் அங்கும் வந்தது. சின்னம்மாவின் மகள் 2009இல் கணவனை இழந்து, செட்டிகுளம் முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வெளியே வந்தாள். நாங்கள் இருவரும் தொலைபேசியில் மட்டுமே பேசிக்கொள்கிறோம். அவளுக்கு இங்கே வரச் செலவு அதிகம், எனக்கும் அங்கே போக அப்படித்தான். கண்டி இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது.

எங்கள் திட்டம்

உங்கள் சங்கத்துக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

சேமிப்பு: ஆளுக்கு வாரம் 200 ரூபா. ஆறு மாதம், அதாவது 26 வாரத்தில் 5,200 ரூபா சேரும். இதைக் கடனுக்குக் கொடுப்பதில்லை என்று முதலிலேயே தீர்மானம் எழுதிவிட்டோம்.

பாதை: விடியற்காலை கொடகவெலயிலிருந்து பஸ். இரத்தினபுரி, அவிசாவளை, கேகாலை, கடுகண்ணாவை வழியாகக் கண்டி. எல்லாம் சாதாரண வீதி, வாயில் கட்டணம் இல்லை. வடக்குச் சகோதரிகள் ஏ-9 வழியாக நேரே வரலாம். வழியில் மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் இருக்கிறது. 1983இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழும்பிய கோவில்.

முதல் நாள்: ஏரிக்கரை. மட்டமான நடைபாதை என்பதால் காலில் காயம் உள்ளவர்களும் மெதுவாக நடக்கலாம். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த ஏரி இது. 1815இல் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்ட நாயக்க வம்சத்து அரசன் அவன். ஏரியை வெட்டியதும் குடிமக்களின் இராஜகாரிய உழைப்புத்தான். பக்கத்தில் தலதா மாளிகை. உள்நாட்டவருக்கு நுழைவுச்சீட்டு இல்லை. தோளும் முழங்காலும் மறைய உடுத்துப் போங்கள். 1998 ஜனவரி 25ஆம் திகதி அந்த வாசலில் புலிகளின் குண்டு லொறி வெடித்துப் பொதுமக்கள் இறந்தார்கள். பிள்ளையை இழந்த தாய் அந்த ஊரிலும் இருக்கிறாள். அதையும் நினைத்துக்கொண்டு நிற்போம்.

இரண்டாம் நாள்: கம்பளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். லயன் அறையும் எங்கள் ஆட்கள் பாவித்த சாமான்களும் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. போகும் முன் திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கையில்: அடையாள அட்டை, மருந்து, தண்ணீர், சாப்பாட்டுப் பார்சல். பெண்கள் உதவி இலக்கம் 1938, அம்புலன்ஸ் 1990. இரண்டையும் தாளில் எழுதி வைத்திருங்கள், தொலைபேசி அணைந்தாலும் தாள் இருக்கும்.

வீட்டில் ஆயிரம் கேள்வி வரும். பிள்ளைகளை யார் பார்ப்பது, ஊர் என்ன சொல்லும், விதவைக்கு எதற்கு ஊர் சுற்றல் என்று கேட்பார்கள். பிள்ளைகளைப் பார்க்க எங்கள் சங்கத்தில் முறை வைத்திருக்கிறோம். மற்றக் கேள்விகளுக்கு என் பதில் ஒன்றுதான். இந்த நாட்டின் வீதிகளுக்கு எங்கள் பாட்டன் பாட்டியின் உழைப்பிலும், உங்கள் கண்ணீரிலும் விலை கொடுத்தாகிவிட்டது. இரண்டு நாள் அதில் நமக்காகப் போய்வருவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் ஊர்ப் பாதை உங்களிடம் என்ன விலை கேட்கிறது? எழுதி அனுப்புங்கள். பிரதேச சபைக்கு எங்கள் சங்கம் கொடுத்த விண்ணப்பத்துக்கு என்ன பதில் வந்தது என்பதை அடுத்த மடலில் சொல்கிறேன்.

அன்புடன்,
கொடகவெலயிலிருந்து உங்கள் சகோதரி