டெபாசிட்தாரர் முதலாளி அல்ல

கூட்டுறவு வங்கி மூழ்கினால் நஷ்டத்தை அதில் பணம் போட்டவர்களே ஏற்கட்டும், அவர்கள்தானே முதலாளிகள் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்கைப் பார்த்தால் நிற்காது.

நகரக் கூட்டுறவு வங்கியில் பங்கு வாங்கும் கட்டாயம் நெடுங்காலம் கடன் வாங்குபவருக்குத்தான் இருந்தது. அடமானமில்லாக் கடனென்றால் 5 சதவீதம், அடமானக் கடனென்றால் 2.5 சதவீதம் பங்காகப் பிடிப்பது வழக்கமாக இருந்தது. ஓய்வூதியப் பணத்தை டெபாசிட் போட்டவருக்கு அந்தக் கட்டாயமில்லை. பங்கில்லாதவருக்கு ஓட்டுமில்லை. நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பவர் கடன்காரர், வயிற்றில் அடி வாங்குபவர் டெபாசிட்தாரர். இவரா முதலாளி?

2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி முடக்கப்பட்டபோது முதலில் எடுக்க விட்டது 1,000 ரூபாய். கடனில் பெரும்பகுதி ஒரே கட்டுமானக் குழுமத்திடம் சிக்கியிருந்தது. அன்று வைப்புக் காப்பீடு வெறும் 1 லட்சம். 2020இல்தான் 5 லட்சமானது. 2022 ஜனவரியில் வங்கியை யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைத்தார்கள். 5 லட்சத்துக்கு மேல் போட்டிருந்த தனிநபர்களுக்குத் தவணை முறை; கடைசித் தவணை வர 10 ஆண்டு. எழுபது வயதுக்காரர் எதை நம்பிக் காத்திருப்பார்?

டெபாசிட்தாரரே முதலாளி என்ற வாதத்துக்குச் சட்டமும் துணை வராது. கூட்டுறவுச் சங்கமான வங்கியைக் கலைத்தால், சொத்தை விற்ற பணம் முதலில் கடன் கொடுத்தவர்களுக்குப் போக வேண்டும். டெபாசிட்தாரர் அந்த வரிசையில் நிற்பவர். பங்கு மூலதனத்துக்குக் கடைசி இடம். நஷ்டத்தைச் சுமக்க ஆள்தான் வேண்டுமென்றால், மோசடிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட இயக்குநர்களிடம் வசூலிக்கக் கூட்டுறவுச் சட்டங்களில் வழி இருக்கிறது. முதலில் அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.