பழைய காமிராவும் கண்ணாடி அலமாரியும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் களமருதூரில் நம் முன்னோர் இல்லத்தின் கூடத்தில் கண்ணாடிக் கதவிட்ட மர அலமாரி ஒன்று உண்டு. அதன் மேற்றட்டில், தோலுறைக்குள் அடங்கிய காமிரா ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீற்றிருந்தது. அது நம் பெரிய தகப்பனாருடையது. அவர் கல்வராயன் மலையில் பள்ளியாசிரியராய் இருந்த நாளில் வாங்கியது. பரோடாவில் செய்யப்பெற்ற ஆக்பா கிளிக் 3 என்னும் எளிய கருவி. வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று எனக் குறிகள் உடையது. பிலிம் சுருள் ஒன்றுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள் தருவது. அவர் மறைந்தபின் அதனைத் துடைத்து, உறையிலிட்டு, பிள்ளைகள் கை படாதபடி பூட்டி வைத்தோம். அன்பினாற் செய்தோம் என்றே கருதியிருந்தோம்.

சென்ற ஆண்டு, பழங்கருவிகளைத் தொகுக்கும் அன்பர் ஒருவர் நம் இல்லம் போந்து அதனை விலைக்குக் கேட்டார். அவருக்குக் காட்டும்பொருட்டு உறையைத் திறந்தபோதுதான் நம் அன்பின் பயன் தெரிந்தது. லென்ஸின்மேல் சிலந்தி நூல்போல் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. ஷட்டரை அழுத்தினோம், அசையவில்லை. வந்தவர் சிறிதும் வருந்தினாரல்லர். "பரவாயில்லை ஐயா, ஷோகேஸில் வைக்கத்தானே! வெளிப்பார்வைக்கு நன்றாயிருந்தால் போதும்" என்றார். அந்தச் சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

பழைய பிலிம் காமிராக்களைத் தொகுத்துக் காப்பதா, எடுத்து ஆள்வதா என்னும் வழக்கு இந்நாளில் எழுந்துள்ளது. யாவர் கையிலும் கைப்பேசி உள்ள காலத்தில் இஃதொரு வழக்கா என்று நகைப்பாரும் உளர். எனினும் பாட்டனார் காமிராவைத் தேடி எடுத்துப் பிலிம் வாங்கி இடும் இளைஞரை நம் கல்லூரியிலேயே காண்கிறோம். நாம் ஆள்வார் கட்சியைச் சேர்ந்தோம் என்பதை முதற்கண்ணே கூறிவிடுகிறோம். அதனால் தொகுப்பாரைப் பழிப்பது நம் கருத்தென்று கொள்ளவேண்டா.

அவர் பக்கத்து நியாயம் பெரிது. ஆலப்புழையில் இசைக்கருவி செய்து வாழ்ந்த குடும்பம் ஒன்றனிடம், படம் பிடிப்பார் ஒருவர் தம் காமிராவின் கிழிந்த துருத்தியைச் செப்பனிடக் கொணர்ந்தாராம். ஆர்மோனியத்திற்கும் துருத்தி உண்டன்றோ! அதனைச் செப்பனிட்டதில் தொடங்கி, அக்குடும்பத்துக் கருணாகரன் என்பார் 1940களில் தேக்கும் பித்தளையும் கொண்டு 'வாகீஸ்வரி' என்னும் பெருங்காமிராவைச் செய்யலானார். இந்தியாவெங்கும் ஸ்டூடியோக்களில் முக்காலியின்மேல் கறுப்புத் துணி போர்த்து நின்றவற்றுள் வாகீஸ்வரிகள் பல. சிறு காமிராக்கள் மலிந்தபின், 1980களில், அத்தொழில் நின்றது. வேலையற்ற அம்மரப்பெட்டிகளை அடுப்புக்கும் பழஞ்சாமான் கடைக்கும் போகாமற் காத்தவர் தொகுப்பாரே. மும்பையைச் சேர்ந்த திலீஷ் பாரேக் என்னும் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் 1977 முதல் தொகுத்த காமிராக்கள் 4,425 எனக் கின்னஸ் ஏட்டில் ஏறியுள்ளது. குருகிராமத்தில் ஆதித்ய ஆர்யா தம் வாழ்நாள் தொகுப்பைக் கொண்டு 2019இல் ஒரு காமிராக் காட்சிச்சாலை அமைத்தார். அங்கே பழைய முறைப் படத்தொழிலைக் கற்பிக்கவும் செய்கின்றனர். இத்தகையோரை நாடு வாழ்த்தக் கடமைப்பட்டுள்ளது.

நிற்க. நாலாயிரம் காமிரா உடையாரைப் பற்றியதன்று நம் கவலை. ஒன்றே உடையாரைப் பற்றியது. அதாவது, நம்மைப் போன்றாரைப் பற்றியது. ஒரு காமிரா பூட்டிக் கிடக்கையில் நிகழ்வது யாது? ஐப்பசி கார்த்திகை அடைமழையின் ஈரத்தைத் தோலுறை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்கிறது. காற்றும் வெளிச்சமும் புகாத அவ்விருளிற் பூஞ்சை முளைக்கிறது. அது விடும் அமிலம் லென்ஸின் மேற்பூச்சை அரித்து, நாளடைவிற் கண்ணாடியையே தின்னத் தொடங்கும். அதன்பின் எவ்வளவு துடைத்தாலும் வடுப் போகாது. ஷட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே உள்ள எண்ணெய், இயக்கம் இல்லாமையால் இறுகிப் பிசினாகிறது. மடித்தே வைத்த துருத்தி மடிப்புகளில் வெடித்து, ஊசித்துளை வழியே ஒளியை உள்ளே விடுகிறது. இவையெல்லாம் ஆளாமையால் வரும் கேடுகள். ஆள்வதால் வரும் கேடும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையன்று: தேய்மானம், கீழே விழுதல், மழையில் நனைதல். சில காமிராக்களில் ஒளியை அளக்கும் செலினியத் தகடோ, வெளிச்சம் படப்பட ஆற்றல் குன்றுவது. அதனை மட்டும் மூடி வைப்பதே முறை. ஆயினும் மாதம் ஒருமுறை எடுத்துக் காற்றாட வைத்து, ஷட்டரைப் பத்துமுறை இயக்கிப் பார்க்கும் வீட்டில், நம் வீட்டில் நேர்ந்த கதி நேராது.

இன்னொன்று. காமிரா தனித்து வாழும் பொருளன்று; பிலிம் வேண்டும், அதைக் கழுவித் தருவார் வேண்டும், பழுது பார்ப்பார் வேண்டும். கோடக் நிறுவனத்தார் 1901இல் வெளியிட்ட 120 என்னும் சுருள் இன்றும் செய்யப்பட்டு வருகிறது. நம் கிளிக் காமிராவுக்கும் அதுவே. நூற்றிருபது ஆண்டு கடந்தும் அது மடியாமைக்குக் காரணம், வாங்கி இடுவார் இன்னும் இருக்கின்றமையேயன்றி வேறில்லை. அலமாரியில் ஆயிரம் காமிரா அடுக்கினும் அவற்றால் ஒரு சுருள் விற்காது. நம் உதகமண்டலத்திலேயே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை 1960இல் நிறுவப்பெற்று, 1967 முதல் பிலிம் செய்தது. 'இந்து' என்ற பெயர் பொறித்த அதன் கறுப்பு வெள்ளைச் சுருள்களைப் பெரிய தகப்பனார் பையில் நாம் கண்டிருக்கிறோம். இன்று அத்தொழிற்சாலை இல்லை. அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. வாங்குவார் குறைந்தது அவற்றுள் ஒன்று.

பழுது பார்ப்பார் செய்தியும் அத்தகையதே. நம் காமிராவைச் சென்னையில் ஒரு முதியவரிடம் கொண்டு சென்றோம். மெல்லிய திருப்புளி ஒன்றும் சிறிது மருந்துநீரும் கொண்டு அரைநாளில் ஷட்டரை ஓட வைத்தார். பூஞ்சையும் பெரும்பாலும் நீங்கிற்று; ஓரத்தில் ஒரு கறை மட்டும் நின்றது. "கையில் வைத்து ஓட்டியிருந்தால் எனக்கு இந்த வேலையே வந்திராது, சார்" என்றார். தம் மக்களுக்கு இத்தொழிலைக் கற்பித்தீரா என வினவினோம். "ஷோகேஸில் வைக்கிற பொருளுக்கு மெக்கானிக் எதற்கு?" என்று திருப்பிக் கேட்டார். நமக்கு விடை தோன்றவில்லை.

பழம்பொருளின் மதிப்பு, கை படாமல் வைத்திருப்பதிலேயே உள்ளது என்பர் வணிகர். 2022இல் ஒரு காமிரா, அதுவரை எக்காமிராவும் பெறாத விலையாகிய 144 லட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. அது 105 என்னும் எண்ணுடைய லைக்கா. 1920களின் முற்பகுதியில், விற்பனைக்கு முன் சோதனைக்காகச் செய்த சிலவற்றுள் ஒன்று. அந்த எண்ணுடையதற்கு மட்டும் ஏன் அவ்விலை? லைக்காவைப் படைத்த ஆஸ்கர் பார்னாக் தாமே வைத்திருந்து படம் பிடித்த காமிரா அது என்பதனாலன்றோ! அவர் அதனைப் பெட்டியிற் பூட்டி வைத்திருந்தால் யார் இத்துணைப் பொருள் கொடுத்திருப்பார்?

நம் இல்லத்தில் நேர்ந்த மற்றொரு பேதைமையையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். காமிராவை அலமாரியில் வைத்துப் போற்றிய நாம், அதனால் பிடித்த படங்களின் நெகட்டிவ்களைப் பிஸ்கட் டப்பாவில் இட்டுப் பரண்மேல் எறிந்திருந்தோம். ஓட்டின் வெப்பத்தில் பாதிக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. எஞ்சியவற்றுள் மலைப்பள்ளியின் முன்பு பிள்ளைகள் வரிசையாய் நிற்கும் படம் ஒன்றும், நம் பாட்டியார் அரிசி புடைக்கும் படம் ஒன்றும் கிடைத்தன. பாட்டியாருக்கு வேறு படமே இல்லை. வந்த அன்பரும் அந்த டப்பாவை விசாரிக்கவில்லை. 1858இல் கேப்டன் டிரைப் மாட்டு வண்டியிற் சாமான் ஏற்றிச் சென்று மதுரையையும் தஞ்சையையும் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒட்டி நீண்ட பட்டையாக்கினார். நாம் இன்று தேடிக் காண்பன அப்படங்களே. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பதிவு செய்து வைத்ததும் இக்கருத்துப்பற்றியே. காமிராவைத் தொகுப்பார், அதனொடு வந்த டப்பாவையும் கேட்டு வாங்கின் அதுவே பெருந்தொண்டாகும்.

எல்லாக் காமிராவையும் எடுத்து ஓட்டுக என்று நாம் கூறவில்லை. உரிய அளவுப் பிலிம் கிடைக்காதனவும், ஒன்றே எஞ்சியனவும் காட்சிச்சாலையில் ஓய்வு கொள்வதே தகும். செலவும் சிறிதன்று: ஒரு சுருள் வாங்கிக் கழுவி அச்சிட நமக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேற் சென்றது. மாணாக்கர்க்கு இது பெரும் பாரமே. ஆனால் சிலர் தேநீர்க் கடைச் சுவரிலும் மணப்பந்தலிலும் நல்ல காமிராக்களை ஆணியில் தொங்கவிட்டு அழகு பார்க்கின்றனரே, அதனை நாம் எவ்வகையானும் பொறுக்க மாட்டோம். அவற்றுள் ஒன்றை இரவல் வாங்கியேனும் ஒரு சுருள் ஓட்டிப் பாருங்கள், நண்பர்களே! பன்னிரண்டே படம் என்னும்போது கண் எவ்வாறு பொறுமை கற்கிறது என்பது அப்போது விளங்கும்.

செப்பனிட்ட காமிராவில் முதற் சுருளைக் களமருதூரிலேயே ஓட்டினோம். பன்னிரண்டில் நான்கு, ஒளி புகுந்து வெளிறின. ஒன்றில் நம் அத்தையார் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். எண்பது கடந்தவர். காமிராவைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நாம் ஒன்றும் சொல்லாமுன்னரே மூச்சை அடக்கி அசையாதிருந்தார். "அண்ணன் அப்படித்தான் இருக்கச் சொல்லும்" என்றார்.

தொகுக்கும் அன்பருக்கு இல்லையென்று எழுதிவிட்டோம். காமிரா இப்போது நம் தம்பி மகளிடம் உள்ளது. அவள் அதனைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெரிய பாட்டனார் கற்பித்த மலைப்பள்ளியைக் காணச் சென்றாள். வெள்ளிமலையில் பேருந்தினின்று இறங்கும்போது தவறி விழுந்து, ஒரு மூலை நசுங்கியதாம். கேட்டபோது நெஞ்சு திடுக்கிட்டது உண்மை. ஷட்டர் ஓடுகிறதா என்று வினவினோம். ஓடுகிறது என்றாள், சுருளில் இன்னும் ஏழு படங்கள் இருக்கின்றனவாம்.