சரக்கு கெட்டால் யார் பொறுப்பு?

கூத்தாநல்லூர், மன்னார்குடி வட்டாரத்து அரிசி வியாபாரியானாலும், மாப்பிள்ளைச் சம்பாவைப் பொட்டலம் கட்டி இணையத்தில் விற்பவரானாலும், தொழில் வளர்ந்தால் வெளியார் கிடங்கைத் தேடத்தான் வேண்டும். அப்போது பலரும் சதுர அடி வாடகையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். சரக்கு கெட்டால் யார் பொறுப்பு என்பதைக் கேட்டுவிட்டுத்தான் வாடகையைப் பேச வேண்டும் என்பேன்.

குடோனை வாடகைக்கு எடுத்துப் பூட்டுப் போட்டால், உள்ளே இருப்பதைக் காப்பது நம் பாடு. சரக்கையே ஒருவரிடம் ஒப்படைத்தால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பொருந்துகிறது. சாதாரண விவேகமுள்ளவர் தன் பொருளைக் காப்பதுபோல அவர் அதைக் காக்க வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. அந்தக் கவனத்தை எடுத்த பிறகும் நேரும் இழப்புக்கு, தனியாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர் பொறுப்பல்ல என்கிறது 152-ஆம் பிரிவு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் காவிரி டெல்டாவைச் சூறையாடியதை அறிந்தவர்கள், இந்தப் பிரிவை மறக்கக் கூடாது. புயல், வெள்ளம், திருட்டு ஆகியவற்றுக்குக் காப்பீடு உண்டா, இழப்பீட்டை எந்த விலையில் கணக்கிடுவார்கள் என்பதை எழுதி வாங்கியே ஆக வேண்டும்.

புயல் வராவிட்டாலும் ஈரம் சும்மா விடாது. அரசுக் கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். நீண்ட நாள் இருப்பு வைக்க அது 14 சதவீதத்தை ஒட்டி இருப்பதே நல்லது. ஆகவே கிடங்கை ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்ப் பார்க்க வேண்டும். கூரை ஒழுகுகிறதா, மூட்டைக்கு அடியில் கட்டை போட்டிருக்கிறார்களா, வண்டுக்கு எப்போது மருந்து வைத்தார்கள், பதிவேடும் இருப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, முதலில் சிறு அளவே அனுப்பிச் சோதிக்க வேண்டும். பொட்டலம் கட்டி அனுப்பும் வேலையும் அவர்களுடையதானால், உணவுப் பாதுகாப்பு உரிமம் உண்டா, பழைய சரக்கை முதலில் அனுப்புகிறார்களா, திரும்பி வரும் பொட்டலத்துக்குக் கணக்கு இருக்கிறதா என்பதும் முக்கியம். அந்த முகவரியை நம் ஜிஎஸ்டி பதிவிலும் கூடுதல் இடமாகச் சேர்க்க வேண்டும்.

இத்தனை கேட்டால் வாடகை ஏறும், சிறு வியாபாரிக்குக் கட்டாது என்பார்கள். ஆனால், 2007-ஆம் ஆண்டுக் கிடங்குச் சட்டப்படி பதிவான கிடங்கு தரும் மாற்றத்தக்க ரசீதை வங்கியில் ஈடு வைத்துக் கடன் வாங்கலாம். சரக்கை அறுவடை நேரத்து மலிவு விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஏறிய வாடகையை அந்தப் பலனோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். தெரிந்தவரிடம் எதற்குக் காகிதம் என்றும் கேட்பார்கள். இழப்பு வந்தபின் ஆளுக்கொரு கணக்குச் சொல்லும்போதுதான் உறவு முறிகிறது; அதை முன்கூட்டியே தடுப்பது ஒப்பந்தம். தனியாளாகப் பேரம் பேச இயலாதவர்களுக்காக, வணிகர் சங்கங்கள் பொது ஒப்பந்தப் படிவம் ஒன்றை உருவாக்க வேண்டும். டெல்டாவில் அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே இது நடக்க வேண்டும்.